நாலு பேர் ஆட்டம்

டைரக்டரம்மா என்றதும் சினிமா எடுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த விளையாட்டுக்கடையில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யார் வைத்தார்கள் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏதோ மரியாதைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்து போயிருந்தாள்.

அந்தக் கடையில் பந்தும் மட்டையும் கிடைக்காது. மேஜையில் விரித்து ஆடுகிற பலகை விளையாட்டுகள், கார்டுக் கட்டுகள், பெயின்ட் அடிக்கக் காத்திருக்கும் குட்டிப் பொம்மைகள், இவைதான் சரக்கு. பின்பக்கம் நாலு மேஜை. அங்கே உட்கார்ந்து ஆடுவதற்குக் காசு கிடையாது. கீழேயிருந்து சலவைச் சூடு ஏறி வரும். புதுப் பெட்டியின் அட்டை வாசனையும் அந்தச் சூடும் சேர்ந்து மூக்கில் பட்டால்தான் டைரக்டரம்மாவுக்கு அன்று சனிக்கிழமை என்றே உறைக்கும்.

அபிப்பிராயத்துக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. பகடை உருட்டுகிற ஆட்டம் அவளுக்கு ஆகாது. "உருட்டித்தான் ஜெயிக்கணும்னா மூளை எதுக்கு, கை போதுமே" என்பாள். கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடாதவர்களைப் பார்த்தால், குழந்தையைத் தொப்பியில்லாமல் வெயிலில் விட்ட மாதிரி பதறுவாள். இன்டர்நெட்டில் நாலு காசு மலிவு என்று வாங்குகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். "பெட்டி வந்து வாசல்ல விழும். கூட விளையாட ஆளும் பார்சல்ல வருமா?" நல்ல கடையா என்று அலமாரியைப் பார்த்துச் சொல்லக்கூடாது, மேஜையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. மேஜை ஆடக்கூடாது. விளக்கு நேரே மேலே இருக்கவேண்டும். கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று கனைக்கக்கூடாது. இந்த மூன்றிலும் இந்தக் கடை பாஸ்.

அவளோடு ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தி அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. வங்கியில் வேலை. டைரக்டரம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்து பழக்கினாள். இன்னொருவர் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், சிரித்தால் பெட்டிகள் அதிரும். மூன்றாவது ஆள் எலக்ட்ரீஷியன், தேவைக்குமேல் வாய் திறக்காத மனுஷன்.

கொஞ்ச காலமாக நால்வரும் ஆடிக்கொண்டிருந்தது ஒரு வெள்ள ஆட்டம். பலகையில் ஆற்றங்கரை ஊர் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஏறும். ஆளுக்கொரு வேலை: ஒருவர் படகோட்டி, ஒருவர் நர்ஸ், ஒருவர் மணல்மூட்டை அடுக்குபவர், ஒருவர் ரேடியோவில் தகவல் சொல்பவர். வேலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்; மணல்மூட்டையும் ரேடியோவும் எல்லார் கையிலும் கார்டாக வரும். தண்ணீர் முழுங்குவதற்குள் ஊர் ஜனங்களை மேட்டில் சேர்க்கவேண்டும். எதிராளி கிடையாது. ஜெயித்தால் நாலு பேரும் ஜெயிப்பார்கள், மூழ்கினால் நாலு பேரும் மூழ்குவார்கள். இதனாலேயே டைரக்டரம்மாவுக்கு அது உயிர். வாராவாரம் ஜெயித்துக்கொண்டும் இருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை தெருவில் மின்சார வேலை என்று மருந்துக்கடையைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். கார்டு உறை தீர்ந்துவிட்டது, ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போவோம் என்று மாடிப்படி ஏறினாள். பாதிப் படியிலேயே பி.டி. மாஸ்டரின் சிரிப்பு கேட்டது.

பின்மேஜையில் அதே வெள்ள ஆட்டம். நாத்தனார், மாஸ்டர், எலக்ட்ரீஷியன், நாலாவது நாற்காலியில் கடைக்காரர்.

நாத்தனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி... இன்னிக்கு என்ன இந்தப் பக்கம்?"

"அதை நான் கேக்கணும். புதன்கிழமையெல்லாம் ஆபீஸ்ல ஆடிட்டு, லேட்டாகும்னு சொன்னே?"

"போன வாரம் இருந்துச்சு அண்ணி."

"அப்போ போன வாரம் மட்டும்தான் இங்க வரலையா?"

கடைக்காரர் தன் கார்டுகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தால்கூட டைரக்டரம்மாவுக்குக் கொஞ்சம் கௌரவம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவள் கண் பலகைக்குப் போய்விட்டது. கண் போனால் வாயும் போகாமல் இருக்குமா?

"ஐயோ, படகை ஏன் அங்க விட்டு வச்சிருக்கீங்க? கிழக்க திருப்புங்க. பள்ளிக்கூடம் அடுத்த சுத்துல போயிரும்."

மாஸ்டர் கையிலிருந்த கார்டுகளை மேஜையில் கவிழ்த்தார். "இதாங்கக்கா. இதுக்காகத்தான்."

"எதுக்காக? நான் சொன்னது தப்பா?"

"தப்பே இல்லக்கா, அதான் பிரச்சினையே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?"

"எல்லாரும் சேர்ந்துதானே ஜெயிக்கிறோம்?"

வாய் திறக்காத எலக்ட்ரீஷியன் திறந்தார். "நீங்கதான் ஜெயிக்கிறீங்க. நாங்க உங்களுக்குக் கார்டு பிடிச்சுக்கிட்டு இருக்கோம். டைரக்டர்னு சும்மாவா பேரு வச்சோம்?"

அந்தப் பெயரின் முதுகுப்பக்கத்தை அப்போதுதான் அவள் பார்த்தாள். உறை பாக்கெட்டைக்கூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தன்னுடைய வெள்ள ஆட்டத்தை விரித்தாள். அவர்கள் என்ன பெரிய இவர்களா? நாலு இடத்திலும் அவளே கார்டு வைத்துக்கொண்டாள். நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து நாலு பேருக்காகவும் அவளே ஆடினாள். ஒரு தப்பு இல்லை. தண்ணீர் பாதி ஊரைத் தொடுவதற்குள் ஜனங்கள் எல்லாரும் மேட்டில் பத்திரம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஜெயிச்சியா?"

"ஜெயிச்சாச்சு."

"யாரு யாரு ஆடினீங்க?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி போடாமல் வந்திருந்தார், நாலு இடத்தில் கார்டு கிடந்தது, கேட்டுவிட்டார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை சனிக்கிழமையும் ஆடியது இந்த ஆட்டத்தைத்தானா? இங்கே நாற்காலி காலி, அங்கே ஆள் இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதானா?

நாத்தனார் முதன்முதலில் ஆட வந்தபோது படகை எடுத்துக் குறுக்கே எங்கேயோ விட்டாள். ஏன் அங்கே விட்டாள் என்று டைரக்டரம்மா கேட்கவே இல்லை. எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். அதற்கப்புறம் நாத்தனார் படகில் கை வைப்பதற்கு முன்னால் அண்ணி முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அதை அடக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து மனசு இழுத்துக்கொண்டே இருந்தது. போகாவிட்டால் இனி அந்த மேஜையில் இடம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். யாரும் விரட்டமாட்டார்கள். கூப்பிடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். போனாள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது நாற்காலி காலியாக இருந்தது. அது தனக்காகவா கடைக்காரருக்காகவா என்று தெரியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உக்காரலாமா?"

"உக்காருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ஆனா ஒண்ணு. வாய்..."

"திறக்கமாட்டேன்."

"அக்கா, அந்தப் பாட்டிலைப் பக்கத்துல வச்சுக்குங்க," என்றார் மாஸ்டர். "வார்த்தை வந்தா தண்ணியைக் குடிச்சு முழுங்கிடுங்க."

ஆட்டம் தொடங்கியது. டைரக்டரம்மா குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. மாஸ்டர் ரேடியோவை வீணாக்கினார், ஒரு மடக்கு. எலக்ட்ரீஷியன் சந்தையை விட்டுவிட்டு வந்தார், இரண்டு மடக்கு. பாலத்துப் பக்கம் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது, நாத்தனார் கடைசி மணல்மூட்டையைக் கையில் எடுத்து ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுபோனாள். பாலம் உடைந்தால் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் வெளியே வர வழியே இல்லை. டைரக்டரம்மாவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பாட்டில் காலி. மேஜைக்கடியில் புடவைத் தலைப்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கினாள். நாத்தனார் மூட்டையை வைத்தாள். அவள் அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் பாலம் போனது. அதற்கடுத்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஊர்.

"போச்சுடா!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்கு அடக்க முடியாத சிரிப்பு. நாத்தனார் பலகைமேல் கவிழ்ந்து, "ஆஸ்பத்திரில படுத்திருக்கவங்களை எப்படி விடுறது, அதான் வச்சேன். பாலத்தை யோசிக்கவே இல்லையே!" என்று புலம்பினாள். அந்த மேஜையில் இவ்வளவு சத்தம் ஜெயித்த நாளில்கூட வந்ததில்லை. டைரக்டரம்மாவும் பேசவில்லையே தவிர, அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தாள்.

சட்டென்று நாத்தனார் நிமிர்ந்தாள். "அண்ணி, உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பொய் அவளுக்கு வரவில்லை. "தெரிஞ்சுது."

"எப்போ?"

"நீ மூட்டையைக் கையில எடுத்தப்பவே."

"அடப்பாவி அக்கா!" என்றார் மாஸ்டர். "ஊரே முழுகுது, பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"சொன்னாலும் திட்றீங்க, சொல்லலைன்னாலும் திட்றீங்க. நான் என்னதான்பா பண்றது?" என்றாள்.

நாத்தனார் கார்டுகளைக் கலைத்துப்போட்டுப் பங்கு வைக்கத் தொடங்கினாள், அண்ணிக்கும் சேர்த்து. "இன்னொரு ஆட்டம். எனக்கு வேணும்னா நானே கேப்பேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லணும். சரியா?"

"சரி."

இந்தத் தடவையும் தண்ணீர் பாலத்துக்கு வந்தது. நாத்தனார் கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அண்ணி, உங்க கையில மணல்மூட்டை எத்தனை இருக்கு?"

டைரக்டரம்மாவுக்கு நாக்கு நுனியில் என்னென்னவோ நின்றது. எங்கே வைப்பது, எப்போது வைப்பது, படகை யார் எடுப்பது, முழு ஊரும் நின்றது.

"ரெண்டு," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டு, நாத்தனார் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க ஆரம்பித்தாள்.