அடுத்த வாரமும் விபத்து இல்லை

அதிகாரி விபத்துப் பதிவேட்டைப் புரட்டுகிற விதத்தைப் பார்த்ததும் இது சரிப்படாது என்று சந்தை எழுத்தர் அக்காவுக்குத் தோன்றிவிட்டது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் நான்கு பக்கத்தைத் தள்ளிவிட்டு, டீ எங்கே என்று கேட்கிற ரகம். இவரோ ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். முப்பது வயதுகூட இருக்காது. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொறுமை ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். வெளியே பட்டிகளில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. சந்தை நாளாகப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மாட்டுச் சந்தைகளைச் சீர்செய்ய அரசு மானியம் அறிவித்திருந்தது. வட்டாரத்தில் மூன்று சந்தைகள் கேட்டிருந்தன, கிடைப்பது ஒன்றுக்குத்தான். லாரியிலிருந்து மாடு இறங்குகிற சரிவுமேடைக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதியவள் அவள்தான். இன்று மாலைக்குள் இவர் அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

"ஒன்பது வருஷத்துல ஒரு விபத்துகூட இல்லையாம்மா?"

"இல்லைங்க சார்." சொல்லிப் பழகிய வாய், பெருமையாகவே சொல்லிவிட்டது.

"நல்ல விஷயம். ஆனா யாருக்குமே அடிபடாத இடத்துக்குத் தடுப்பு எதுக்கு? மத்த ரெண்டு சந்தையிலயும் ஆறு, ஏழுன்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்களுக்குத்தானே முதல்ல குடுக்கணும்?"

இப்படி ஒரு பக்கத்திலிருந்து அடி விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு விபத்து பதிவானால் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள் என்று ஒரு விதி இருந்தது. உரிமம் நின்றால் நாற்பது வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் 'விபத்து எதுவும் இல்லை' என்று எழுத ஆரம்பித்தாள். வாராவாரம் எழுதிக் கை ஓய்ந்துபோய், அதையே ரப்பர் முத்திரையாகச் செய்து வாங்கினாள். சந்தை நாளன்று மாடுகளை எண்ணவே நேரம் போதாது என்பதால், மாதத் தொடக்கத்திலேயே நான்கு வாரத்துக்கும் சேர்த்துக் குத்தி வைத்துவிடுவாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்று நினைத்திருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், மாடு இறக்குகிற அவளுடைய தம்பியை அந்தச் சரிவுமேடையில் ஒரு எருது லாரியோடு வைத்து நசுக்கியது. முழங்கால் சில்லு தூள்தூளாகிவிட்டது; அந்தக் கால் இன்றும் மடங்காது. குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள்தான். வலியில் துடித்துக்கொண்டிருந்தவனும் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவன் மனைவிதான், "எங்க வீட்டுக் குளியலறையில ஒரு ஆள் நேரா நிக்கவே இடமில்ல. இவரு எப்படி அண்ணி விழுந்தாரு?" என்று கேட்டாள். அன்றைக்குப் பேசியதோடு சரி. அதற்குப் பிறகு இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதிகாரி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். விரல் நகரவில்லை.

"அம்மா, இது வர்ற வாரத்துத் தேதி."

அவள் மேசை மேல் இருந்த ரப்பர் முத்திரையை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"வர்ற வாரமும் விபத்து இல்லையா?"

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். "பழைய கதைக்காக இப்ப சந்தையை மூட மாட்டாங்க. ஆனா உங்க கையெழுத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும். உண்மையைச் சொன்னா, பொய்யா எழுதினீங்கன்னு நான் எழுதியாகணும், வேலை போகலாம். சொல்லலைன்னா, இங்க தடுப்பு தேவையில்லைன்னு எழுதிட்டுக் கிளம்பிடுவேன்."

ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருடம். மூன்று வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிட்டால் போதும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே தன் மேல் அருவருப்பு வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்க் கத்தினாள்.

"அடிபட்டவங்க எல்லாரும் இங்க வாங்கடா! சார்கிட்ட காட்டுங்க!"

ஒருவரும் அசையவில்லை. ஒன்பது வருடமாக வாயைக் கட்டிப்போட்டவள் அவளேதான். கடைசியில், மூக்கன் என்று எல்லாரும் கூப்பிடுகிற தரகர் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். "எந்த அக்கா கூப்பிடுறது? மூச்சு விடாதன்னு சொன்ன அக்காவா?" என்று கேட்டபடி, பாதி விரல் இல்லாத கையை மேசை மேல் வைத்தார். "மழை விட்டு முதல் சந்தை, அக்கா. கயித்துல மாட்டுனது. தேதி உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். எல்லாத் தேதியும் தெரியும். பக்கத்தைப் பிரித்து, முத்திரை விழுந்த வரியின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, நடந்ததை எழுதினாள். அவருக்குப் பின்னால் மாடுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் வந்து சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். பிறகு லாரிக் கதவு பிடிக்கிறவர்கள் இரண்டு பேர். வரிசை படியில் இறங்கி வெளியே வெயிலுக்குப் போனது. அதிகாரி ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். தம்பியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் அவன் முகத்தைத் தேடினாள்.

"அவன் எங்க?"

மூக்கன் தரையைப் பார்த்தார். "வரலைன்னுட்டான் அக்கா. 'நான் குளியலறையிலதானே விழுந்தேன், எனக்கு அங்க என்ன வேலை'ன்னு கேட்டான். அதோட லாரி வேற வந்துடுச்சு. டிரைவருக்கு அவசரமாம்."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். அதிகாரியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"யாரும்மா அது? தனி ஆளாவா இறக்குறாரு?"

"என் தம்பி சார். கூட நாலு பேர் நிக்கணும். நாலு பேரும் இங்க வந்துட்டாங்க."

"அந்தப் பக்கம் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லையே?"

"அதைத்தான் சார் கேட்டு எழுதியிருந்தேன்." பின்னால் வரிசை கலைந்து ஆட்கள் படியில் தடதடவென்று இறங்கினார்கள். மேடைக்கு ஐம்பது அடி தூரம். தம்பி, மடங்காத காலை மேடையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, லாரிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தான். கதவு திறந்துகொண்டது. உள்ளே இருட்டில் நின்ற எருது வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, முன்காலை மேடைப் பலகையில் வைத்தது.