பக்கத்து வீட்டுக்காரியின் முறைப்பாடு

ஜம்புநாதன் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. அந்தளவுக்குப் பண்பானவர். கடைசி மிடறை விழுங்கி, கோப்பையைச் சத்தம் வராமல் தட்டில் வைத்து, கழுத்துப்பட்டியை ஒருமுறை நீவிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, குறை நினைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மனிசி முறைப்பாடு சொல்லிப்போட்டா. சமையல் மணமாம், சத்தமாம். வெள்ளைக்காரர் லேசில வாய் திறக்க மாட்டினம். திறந்தால் அதுதான் கடைசி. ஈஸ்டரோட வேற இடம் பாத்திட்டியள் எண்டால் எல்லாருக்கும் மரியாதை."

டொலறஸ் தேநீர் கொண்டுவந்த வெறும் தட்டோடு நின்றாள். மணத்தைக்கூட ஒருவேளை ஒப்புக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தத்தில் காற்று கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் சத்தமா? இந்த வீட்டிலா?

"ஆர் ஐயா சத்தம் போட்டது?"

"அதை நான் அவவிட்ட விசாரிக்க ஏலுமோ? அவ சொன்னா. நான் தலையாட்டினன். நானும் இந்த ஊரில மரியாதையா இருக்க வேண்டாமோ?"

ஜம்புநாதன் அறுபத்திரண்டில் கப்பலில் லண்டனுக்கு வந்தவர். அந்த வருஷத்தை அவர் தம் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் போலவே சொல்லுவார். கணக்கியல் படிக்க வந்தார். படித்து முடித்தாரா என்று கேட்கும் துணிச்சல் இதுவரை எவருக்கும் வந்ததில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்களை அவர் "பின்னால வந்த சனம்" என்பார். "நாங்கள் படிக்க வந்தனாங்கள். நீங்கள் ஓடி வந்தனீங்கள்" என்பதை மனம் நோகாதபடி, ஒரு சிரிப்போடு சொல்லுவார். நோகிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகச் சற்று நிறுத்தவும் செய்வார். தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். பொன்னாடைகள் வைப்பதற்கென்றே அவர் வீட்டில் ஓர் அலுமாரி இருப்பதாகப் பேச்சு.

அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில்தான் டொலறசும் அவள் கணவன் எட்வேட்டும் அவரை முதலில் கண்டார்கள். லண்டனில் வீடுள்ள எந்தத் தமிழனும் தன்னிடம் வாடகைக்கு வந்த அகதிச் சனத்தை நடுத்தெருவில் விடக் கூடாது என்று அவரே தீர்மானம் கொண்டுவந்து, அவரே கண்கலங்கி, அவரே நிறைவேற்றினார். மண்டபம் எழுந்து நின்றது. டொலறஸ் கை சிவக்கத் தட்டினாள். கூட்டம் முடிந்து வடையும் தேத்தண்ணியும் பரிமாறிய இடத்தில் எட்வேட் தயங்கித் தயங்கிக் கேட்க, கோலியர்ஸ் வுட்டில் தன்னுடைய வீடொன்று காலியாக இருக்கிறது என்றார். அமைதியான தெரு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிட்ட. டொலறஸ் அன்றிரவு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

வீட்டைக் காட்ட வந்தபோது அவர் முதலில் காட்டியது வீட்டை அல்ல, பக்கத்து வீட்டின் சுவரை. "அந்தக் காலத்து நல்ல இங்கிலிஷ் மனிசி. அவ விரும்ப மாட்டா" என்றார். அதற்குப் பிறகு எல்லாமே அவள் விரும்பாதவைதான். தோட்டத்தில் உடுப்புக் காயப்போடுவதை விரும்ப மாட்டாள். மீன் பொரிப்பதை விரும்ப மாட்டாள். பிள்ளை படியில் ஓடுவதை, முன்கதவால் போய் வருவதை, இரவில் யன்னல் வழியே வெளிச்சம் தெரிவதை, தோட்டத்தில் தமிழ் கதைப்பதை. கறிக்குத் தூள் வறுப்பது என்ற சொல்லை டொலறஸ் வாயில் எடுத்ததுமே அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாமல் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரோடு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த டொலறசுக்கு ஏற்கெனவே பழக்கமுண்டு. இப்போது இரண்டாவதாக ஒருவர் சேர்ந்துகொண்டார். முதலாமவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். இவளிடம் அதுவும் இல்லை.

அப்படியே வாழ்ந்தார்கள். மூன்று பேரும் பின்பக்க ஒழுங்கையால் போய், பின்பக்க ஒழுங்கையால் வந்தார்கள். மிளகாயும் மல்லியும் வறுக்க டொலறஸ் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் தங்கையின் கவுன்சில் பிளாட்டுக்குப் போனாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வந்தது. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வரும் எட்வேட் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமினான். தொலைக்காட்சிச் செய்தியை வாசிப்பவரின் உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் தேறிவிட்டார்கள். டொலறசின் தம்பி உயிரோடு கனடா போய்ச் சேர்ந்தான் என்று தொலைபேசி வந்த நாளில், இருவரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது மகள் ஜெனிற்றா. போன மாதம் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் டொலறசை அழைத்துச் சின்னக் கதிரையில் உட்காரவைத்து, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். வகுப்பில் எதைக் கேட்டாலும் காற்றுப் போலத்தான் பதில் வருகிறது, குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, விளையாட்டு மைதானத்தில் விழுந்து முழங்கால் சிராய்ந்தபோதுகூடச் சத்தமில்லாமல்தான் அழுதாள் என்றாள். காதைச் சோதித்தார்கள். தொண்டையைச் சோதித்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டொக்டர் கைகுலுக்கி அனுப்பினார். டொலறசுக்குக் காரணம் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் சத்தமாம்.

"விடு, டொலறஸ்" என்றான் எட்வேட், ஜம்புநாதன் போன பிறகு. "பெரிய மனிசன். நாளைக்கு ஒரு அலுவல் எண்டாலும் அவரிட்டத்தான் போகவேணும்."

"ஓம், பெரிய மனிசன்தான். அவரைப் பெரிசாக்கினதே எங்கட கைதட்டு."

"இஞ்சேர், மெல்லமா..."

"இன்னும் மெல்லமா எப்பிடிக் கதைக்கிறது? செத்துப்போய்த்தான் கதைக்கவேணும்."

இதையும் அவள் கிசுகிசுத்துத்தான் சொன்னாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த வெள்ளைக்காரியிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

மறுநாள் ஜெனிற்றாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடையில் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கினாள். தன் கையால் எதையாவது செய்து கொண்டுபோனால் அதுவே அடுத்த முறைப்பாடாகிவிடும். பக்கத்து வீட்டின் முன்கதவு மணியை அழுத்தியபோது, தான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாளா, சண்டை பிடிக்க வந்திருக்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இரண்டுக்கும் தேவையான ஆங்கிலத்தை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தது உயரமான ஒரு கிழவி. கையில் மண் படிந்த தோட்டக் கையுறை. டொலறசை மேலும் கீழும் பார்த்து, "வீட்டு ஏஜென்சியிலிருந்து வருகிறீர்களா? பக்கத்து வீட்டை விற்கப்போகிறார்களா?" என்று கேட்டாள்.

நான் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள் டொலறஸ்.

"எந்தப் பக்கத்து வீட்டில்?"

டொலறஸ் கையை நீட்டிக் காட்டினாள். கிழவி வாசலுக்கு வெளியே வந்து, அப்போதுதான் முளைத்த ஒன்றைப் பார்ப்பதுபோல அந்த வீட்டைப் பார்த்தாள். பிறகு டொலறசைப் பார்த்தாள்.

"அங்கே ஆள் இருக்கிறார்களா?"

வெறும் வீடு என்று கள்ளர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, கதவிடுக்கில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும் விளம்பரத் தாள்களை அவள்தான் போய் உள்ளே தள்ளிவிட்டு வருவாளாம். எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். போன கோடை தொடங்கி என்று டொலறஸ் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் டொலறசின் முழங்கையைப் பிடித்தாள். பெயர் மிஸஸ் டி யோங். இங்கிலிஷ்காரிகூட இல்லை. இளம் வயதில் தாதி வேலைக்கு ஒல்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இதைக் கேட்டபோது, அந்த நிலைமையிலும் டொலறசுக்குச் சிரிப்பு வந்தது. இவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி, நூறு வருஷத்துக்கு மேலே வாடகை தராமல் குடியிருந்தவர்கள். எவரிடமாவது அனுமதி கேட்டுவிட்டா வந்தார்கள்?

கோப்பி ஊற்றும்போது மிஸஸ் டி யோங் மீதியையும் சொன்னாள். மிஸ்டர் நேதன் (அவள் வாயில் ஜம்புநாதன் அப்படித்தான் ஆகியிருந்தார்) போன கிழமை வந்திருந்தாராம். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை டொக்டர், இங்கேதான் குடிவரப்போகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவந்து காட்டப்போகிறேன் என்று சொன்னாராம். "வீடு சும்மாதான் கிடக்கிறது என்றார்" என்றாள்.

சும்மா கிடக்கிறது. டொலறஸ் கோப்பியைக் குடிக்கவில்லை. மகளுக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சட்டிபானையைக் கட்டியிருப்பாள். பிள்ளையின் கல்யாணத்துக்கு வாழ்த்தும் சொல்லியிருப்பாள். ஆனால் தீர்மானம் போட்டு நிறைவேற்றிய வாயால் அதைச் சொல்ல ஏலாதே. அதற்காகத்தான் ஒரு வெள்ளைக்காரி தேவைப்பட்டாள். முறைப்பாட்டை அவள் தலையில் கட்டினால் பொன்னாடையில் கறை படாது. அந்த மனிதருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் தன் பிள்ளை தொண்டையை மூடிக்கொண்டதா?

சனிக்கிழமை ஜம்புநாதன் தொலைபேசியில் பேசினார். "ஞாயிறு காலமை நீங்கள் பூசைக்குப் போயிடுவியள்தானே? நான் ஒருக்கா வந்து வீட்டைப் பாத்திட்டுப் போறன்." ஓம் ஐயா, தாராளமா வாங்கோ என்றாள் டொலறஸ்.

ஞாயிறு அவள் பூசைக்குப் போகவில்லை. அடுப்பில் பெரிய தாச்சியை வைத்து, மிளகாயையும் மல்லியையும் சீரகத்தையும் கறிவேப்பிலையோடு சேர்த்து வறுத்தாள். யன்னல்களைத் திறந்துவிட்டாள். இரவு ஷிப்டிலிருந்து வந்து படுத்த எட்வேட், கனவில் ஊருக்குப் போய்விட்டு விழித்தவன் போலப் படியில் வந்து நின்றான். "விசரே உனக்கு?" என்றான். ஆனால் போய் யன்னலைச் சாத்தவில்லை.

ஜம்புநாதன் தன்னிடமிருந்த திறப்பால் முன்கதவைத் திறந்தார். பின்னால் மகள், மாப்பிள்ளை, குளிர்க்கோட்டுக்குள் பட்டுச்சேலையோடு மாப்பிள்ளையின் தாய் சிவனேஸ்வரி. முதல் மூச்சிலேயே ஜம்புநாதனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சிவனேஸ்வரியோ மூக்கை நிமிர்த்தி, "ஆரப்பா இஞ்ச தூள் வறுக்கிறது? வாசம் ஆளைத் தூக்குது!" என்றபடி நேரே குசினிப் பக்கம் நடந்தாள்.

"இவை... கொஞ்ச நாளைக்கு... என்ர உதவியில..." என்று இருமலுக்குள் தேடித் தேடிச் சொன்னார் ஜம்புநாதன்.

டொலறஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கோ அம்மா. ஐயா, நல்ல நேரம் வந்தியள். பக்கத்து வீட்டு மனிசி எங்கட சத்தம் தாங்க ஏலாமல் முறைப்பாடு சொன்னவ எண்டீங்கள். ஒண்டும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போறது மரியாதையில்லை. வாங்கோ, எல்லாரும் போய் அவவிட்ட மன்னிப்புக் கேப்பம்."

"மன்னிப்போ? இப்பவோ? ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கிற நேரம், பிள்ளை."

"இல்லை ஐயா, நான் கேட்டனான். வாங்கோ, கோப்பி போட்டு வைக்கிறன் எண்டவ."

"கேட்டனீரோ?" ஜம்புநாதனின் இருமல் சட்டென்று நின்றது.

சிவனேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன முறைப்பாடு, சம்பந்தி? சும்மா கிடக்கிற வீடு எண்டெல்லோ சொன்னனீங்கள்? அதில ஆரைப் பற்றி முறைப்பாடு? என்ர பிள்ளை இருக்கப்போற இடம். பக்கத்துக்காரி அப்பிடிப் பொல்லாத மனிசி எண்டால் நானும் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்." சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள். மாப்பிள்ளை ஒன்றும் விளங்காமல் தாய்க்குப் பின்னால் போனான். மகள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்; அந்தப் பார்வையில் கல்யாணம் முடிந்த பிறகும் கேட்கப்படப்போகும் கேள்விகள் இருந்தன.

டொலறஸ் அந்த வீட்டின் முன்கதவால் முதல்முறையாக வெளியே போனது அன்றைக்குத்தான். ஜெனிற்றா அவள் விரலைப் பிடித்திருந்தாள். சாரத்தை மடித்துக் கட்டியபடி எட்வேட்டும் வந்தான். தெருவில் ஒருவரையும் காணவில்லை. இரண்டு வாசல்களுக்கும் இடையில் இருந்தது ஒரு சின்ன வேலியும் நாலு ரோசாச் செடியும்தான். இந்தத் தூரத்துக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் இருமலைத் தலையணைக்குள் புதைத்தார்கள்.

மணி உயரத்தில் இருந்தது. ஜெனிற்றா கால்விரல் நுனியில் எம்பி அழுத்தினாள். உள்ளே எங்கோ தூரத்தில் அது ஒலித்தது.

ஜம்புநாதன் கடைசியாக வந்து டொலறசின் தோளுக்குப் பின்னால் குனிந்தார். மேடையில் ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருடையது. இப்போது அது காற்றாகத்தான் வந்தது.

"பிள்ளை... ஈஸ்டர் எண்டு நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னது. அவசரமில்லை. உள்ள போய் ஆறுதலாக் கதைப்பம்... சம்பந்தி ஆக்களுக்கு முன்னால..."

டொலறஸ் திரும்பவில்லை. திரும்பியது ஜெனிற்றா. கிசுகிசுப்பதில் அவளை விடத் தேர்ந்தவர் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெரிய ஆள் அதைச் செய்து அவள் பார்த்ததில்லை. தலையைப் பின்னால் சாய்த்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்டும் கேக்கேல்லை!" என்றாள். "பலமாச் சொல்லுங்கோ!"

எதிர்வரிசையில் ஒரு யன்னல் திரை அசைந்தது. எட்வேட் தன் மகளை வேறு யாரோ ஒருவரின் பிள்ளையைப் போலப் பார்த்தான். கதவின் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் உயரமான ஓர் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டு வந்தது. ஜம்புநாதனின் கை, அவரைக் கேட்காமலே, கழுத்துப்பட்டியை நீவத் தொடங்கியிருந்தது.