பாய்க்குள் வந்த மண்

துக்கத்துக்கு வரும் பாய்ச்சுருளைப் படகுத்துறைச் சோதனைக்காரர்கள் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் தவெயுனி தீவில் இல்லை. சக்கியுசா தோளில் சுமந்து வந்த சுருளுக்கும் வழிதான் விட்டார்கள். படகு தாமதமாகிவிட்டதால் அண்ணன் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. ரொபாத்தேயை ஏற்கெனவே புதைத்திருந்தார்கள்.

கல்லறை அருகே பாயை விரித்தபோதுதான் ரொபாத்தேயின் மனைவி லைசானி பார்த்தாள். உள்ளே சேப்பங்கிழங்குகள், தண்டோடும் வேரோடும் மண்ணோடும்.

"அண்ணன் பிறந்த மண்ணு, அண்ணி. கழுவாமலே கொண்டாந்தேன்."

"நைத்தசிரிக் கிழங்கா? பாதியை வண்டு தின்னிருக்குமே!" என்றாள் லைசானியின் அப்பாவோடு பிறந்த அத்தை.

"மிச்சத்தை நீங்க தின்னுங்க அத்தை. நல்லதையெல்லாம் ஆக்லாந்துக்கு அனுப்பிட்டுச் சொத்தையைத் தின்னுறவங்கதானே நீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். லைசானிக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நைத்தசிரியில் நல்ல மண், துறைமுகத்துக்கு நல்ல சாலை, எல்லாம் உண்டு. கூடவே கிழங்கைக் குடையும் கறுப்பு வண்டும் உண்டு. துளை விழுந்த கிழங்கை வெளிநாட்டில் யார் வாங்குவார்கள்? அங்குள்ள வியாபாரிகள் உள்ளூர்ச் சந்தையோடு நின்றுபோனார்கள். வண்டு இல்லாத ஒரே காரணத்தால்தான் இந்தக் கரையின் கிழங்கு கப்பலேறுகிறது. தகப்பன் நிலத்தை விட்டுவிட்டு ரொபாத்தே இங்கே வந்து, அவளோடு சேர்ந்து ஏற்றுமதிக்குக் கிழங்கு கட்டும் கொட்டகை போட்டதும் அதனால்தான்.

இந்த மண் இங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஊர்ப்பெரியவர், கொண்டுவந்ததை ஏற்றுக்கொண்டோம் என்பதற்கு அடையாளமாக, உள்ளங்கை குவித்துத் தட்டத் தொடங்கிவிட்டார். செத்தவனின் உறவு கொண்டுவந்ததை அந்தத் தட்டலுக்கு நடுவே மறுத்தால், இரண்டு குடும்பமும் அதோடு முறிந்துபோகும். அவளும் சேர்ந்து கை தட்டினாள்.

கிழங்குகள் அடுப்புக்குழிக்குப் போயின. நெருப்பு பார்த்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவள் கஞ்சி காய்ச்சி முடித்து வருவதற்குள், அறுத்த தண்டுகளைச் சக்கியுசா கல்லறையைச் சுற்றி நட்டு முடித்திருந்தான்.

உறவுகள் கூடியிருக்கையில் அவற்றைப் பிடுங்க முடியாது. அதன்பின் மழை விடவில்லை. பத்தாம் நாள் துக்க விருந்தன்று தலைமாட்டுத் தண்டு ஒன்று வாடித் தொங்கியது. லைசானி கடப்பாரையை எடுத்தாள்.

"அண்ணி! தலைமாட்டையா தோண்டுறீங்க?"

"தண்டைத்தான் பிடுங்குறேன். உங்க அண்ணன் இருந்தா அவரே பிடுங்கியிருப்பாரு."

"எங்க மண்ணை விட்டு ஓடிவந்தவன் அவன். செத்த பிறகாவது அது அவன்மேல கிடக்கட்டுமே. உங்களுக்கென்ன நஷ்டம்?"

அவள் தண்டைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்தது. அடியில் கட்டைவிரல் நுழையுமளவு துளை. உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை. மற்றவற்றையும் பிடுங்கினாள். கணவனின் மண்ணை விரல்களால் உதிர்த்து உதிர்த்துத் தேடினாள். சக்கியுசாவும் குனிந்து தேட ஆரம்பித்தான்.

வண்டு கிடைக்கவில்லை.

மேட்டின் ஓரத்தில் சின்ன வளை ஒன்று மட்டும் இருந்தது. அது சரிவின் பக்கமாக மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தது. சரிவு முழுக்க, கண்ணுக்கெட்டிய மட்டும், மழையில் கழுவிய சேம்பு இலைகள் அசையாமல் நின்றன.