வெள்ளை பேஸ்ட்

மெர்லினின் கம்ப்யூட்டர் அறையில் காலையிலிருந்து புதினா வாசனை. சமையலறையிலிருந்து வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வந்ததோ கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து!

விழுப்புரத்து ஸ்டுடியோ ஒன்றுக்குத் திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து தருகிறவள் அவள். கம்ப்யூட்டர், புருஷன் அந்தோணி பிரபு சாமான் வாங்கித் தானே பூட்டியது. போன வாரம் அது சூடேறித் தானாக அணைய ஆரம்பித்ததும், புதுச்சேரியில் சாமான் விற்ற ஜெகதீசனுக்குப் போன் போட்டாள். ஃபேனைக் கழற்றி, அடியில் காய்ந்திருக்கிற பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதுசாக பேஸ்ட் வையுங்கள், வெள்ளையாக இருக்கும் என்றார் அவர். மெர்லின் எதிலும் கஞ்சத்தனம் பண்ணாதவள். புது ட்யூபையே உடைத்துத் தாராளமாகத் தடவினாள். சூடும் மடமடவென்று இறங்கியது. ரெண்டு நாள் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இன்றைக்கு மறுபடியும் தொண்ணூறு டிகிரி. மறுபடியும் போன்.

"எந்த பேஸ்ட்டு வச்சீங்கக்கா?"

"பல்லு வௌக்குறதுதான். புதுசு."

ஜெகதீசன் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை தெரிந்தவர். புராசசரின் சூட்டை மேலே இருக்கும் உலோகத்துக்குக் கடத்த அதற்கென்றே ஒரு பேஸ்ட் உண்டு, பல் பேஸ்ட் சூட்டில் காய்ந்துவிடும், சரியானதை வைக்கிற வரைக்கும் கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை எதுவும் கொடுக்காதீர்கள் என்றார். அவர் பங்குக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு, அந்த பேஸ்ட்டை வாங்க அந்தோணி பிரபு புதுச்சேரிக்கு பஸ் ஏறினான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அம்சா வந்து நின்றாள். போன மாசம் கூட்டேரிப்பட்டில் கல்யாணம் ஆன பெண். கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் அவள் அப்பா பாண்டுரங்கன் நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு, சாயங்காலம் விழுப்புரத்தில் ரயிலேறிப் புருஷனோடு பம்பாய் போகிறாள்.

"அப்பா பேசுறது எங்கனா இருக்குதாக்கா? நீங்க குடுத்த டிவிடி முழுக்கப் பாட்டாதான் ஓடுது."

பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டது மெர்லின்தான். எல்லார் கல்யாணத்துக்கும் அப்படித்தானே, சாம்பார் கேட்டு சொந்தக்காரர்கள் கத்துவதை யார் கேட்பார்கள்? அம்சா கல்யாணத்தைப் படம் பிடித்த கேசட்டின் மேலேயே ஸ்டுடியோக்காரர் வேறு கல்யாணத்தை எடுத்துவிட்டார். பாண்டுரங்கனின் குரல் மிச்சம் இருந்தால், இந்தக் கொதிக்கிற பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அவர் வரும் இடங்களையெல்லாம் பாட்டில்லாமல் கோர்த்தாள். டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமென்றால் அதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றித்தான் டிஸ்கில் எழுத வேண்டும். மாற்றுகிற வேலையில்தான் சூடு ஏறும். பாதி கூட ஆகவில்லை, திரை அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. இப்படிப் பட்பட்டென்று அணைந்தால் ஹார்ட் டிஸ்கே போய்விடலாம், அப்புறம் குரலும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை பெட்டி உயிர் பெறவே வெகுநேரம் பிடித்தது. மாதாவே, மாதாவே என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புருஷனுக்குப் போன் போட்டால், "பஸ்ஸு கிளியனூர்ல நின்னுட்ச்சி, டயர் மாத்திக்கினு இருக்காங்க" என்றான். அம்சா கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் மெர்லினுக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்தாள். சூடு எண்பதில் நின்றது. முக்கால்வாசி முடிந்தது. அப்போது பார்த்துக் கரண்டு போக வேண்டுமா? போனது. யுபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கியது. ஃபேன் நின்றுவிட்டது.

எண்பத்தைந்து. எண்பத்தெட்டு.

டைட்டிலில் பெயர் போட ஸ்டுடியோ கொடுத்திருந்த கல்யாணப் பத்திரிகை மேசையில் கிடந்தது. மெர்லின் அதை எடுத்து விசிற ஆரம்பித்தாள். ஒரு கையால் விசிறி, ஒரு கையால் மௌஸைப் பிடிக்க முடியவில்லை.

"குடுங்கக்கா. நீங்க வேலையப் பாருங்க" என்று அம்சா வாங்கிக்கொண்டாள். தங்கள் நல்வரவை விரும்பும் பாண்டுரங்கன் என்று அச்சடித்த அட்டையால் குனிந்து விசிறினாள். தொண்ணூறைத் தொட்டது, தயங்கியது, ஒன்று குறைந்தது. யுபிஎஸ் கத்தத் தொடங்கிய நேரத்தில் டிஸ்க் எழுதி முடிந்து வெளியே வந்தது.

டிஸ்கைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டு, மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று பெட்டிக்குள் இருந்த பிரதியை ஓட விட்டாள் மெர்லின். பந்தி வாசலில் பாண்டுரங்கன். கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"என்னிய ஏம்பா புடிக்கிற? பொண்ணப் புடி. அதுதான ஊர வுட்டுப் போவுது."

யுபிஎஸ்ஸும் தீர்ந்தது. திரை இருண்டது.

"முடிஞ்சிட்ச்சி அம்சா, போதும்" என்றாள் மெர்லின். அம்சா விசிறிக்கொண்டே இருந்தாள்.