படிக்காமல் போட்ட கையெழுத்து

மானானாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நான்கு வருடம் கன்சாஸ் வெயிலில் வயல் வயலாக அலைந்து, கோதுமையைத் துரு நோயிலிருந்து காக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தவள் அவள். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் பேராசிரியர் ஹால்ஸ்டெட்டின் மருமகனுடையது. அவள் பெயர் கடைசியில், உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் வரியில் கிடந்தது.

நேரே போய்க் கேட்டாள். மனிதர் சிரித்தார்.

"யார்கிட்ட போய்ச் சொல்லுவ? அரசாங்க உதவித்தொகையில வந்தவ நீ. ஜூன்ல விசா முடியுது. விதிப்படி ரெண்டு வருஷம் உன் நாட்டுல, ஜார்ஜியாவுல, இருந்துதான் ஆகணும். அதுக்குள்ள உன்னை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க?"

படுபாவி! இவன் கையாலேயே இவனைக் கவிழ்க்கிறேன் என்று கருவிக்கொண்டாள்.

வழக்கறிஞர் டோலோரஸ் கோப்பைப் புரட்டினாள்.

"சாதாரண வேலை விசா கிடையாது. க்ரீன் கார்டும் இப்போ கிடையாது. ஆனா அபூர்வத் திறமைக்குன்னு ஒரு விசா இருக்கு, அதை இந்த ரெண்டு வருஷ விதி தடுக்காது. என்ன, இங்க இருந்தபடியே மாத்திக்க முடியாது. ஊருக்குப் போய்த் தூதரகத்துல வாங்கிட்டு வரணும். நெப்ராஸ்கா யுனிவர்சிட்டிக்காரங்க உன்னை வேலைக்குக் கேட்டுட்டே இருக்காங்களே, அவங்க மனு போடட்டும். உன் பேராசிரியர் கடிதம் கிடைக்குமா?"

"கிடைக்கும்," என்றாள் மானானா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறதுக்கு முன்னாடி ஒரு சர்டிஃபிகேட்டா?" என்றார் ஹால்ஸ்டெட். "வழக்கம்போல நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போடறேன்."

எழுதினாள். 'இந்த மரபணுவைக் கண்டுபிடித்தவர் மானானா. சோதனைகள் அனைத்தும் அவர் செய்தவை. என் மருமகன் ஆய்வகத்துக்கு வருமுன்பே முடிவுகள் தயாராகிவிட்டன.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஹால்ஸ்டெட் டோனட்டை மென்றபடி, போனில் யாரிடமோ கோல்ஃப் பேசிக்கொண்டே கையெழுத்திட்டார்.

ஜூனில் சொந்த ஊரான திபிலிசிக்குப் போனாள். ஆகஸ்டில் புது விசாவோடு நெப்ராஸ்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அந்தக் கடிதத்தின் நகலைக் கட்டுரை வந்த இதழுக்கு அனுப்பினாள்.

பத்தாம் நாள் ஹால்ஸ்டெட்டிடமிருந்து போன் வந்தது.

"மானானா, விசாரணை வச்சிருக்காங்க. என் பேரு நாறிடும். ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு இதழுக்கு நாலு வரி எழுதும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

'எழுதும்மா'வாம்! நான்கு வருடத்தில் ஒரு நாள் வராத பாசம். அவள் அவசரப்படாமல் காபியை ஒரு வாய் குடித்தாள்.

"வழக்கம்போல நீங்களே எழுதி அனுப்புங்க, ப்ரொஃபசர். ஆனா நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவேன்."