பதினோராவது கேள்வி

எரிச்சல் முதன்முதலாக வந்தது ஒரு வக்கீல் அலுவலகத்தின் கழிப்பறையில். ஜெராக்ஸ் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, காகிதம் சிக்கும் உருளையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டே நிமிஷம் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் உள்ளே போனான். கால் மணி நேரம் வெளியே வரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஆனால் உள்ளாடையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. தண்ணீர் குடிக்காதவனுக்கு அப்படிக் கறை வராது.

விரல் விட்டு எண்ணினான். ஆறு நாள்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. ஊரில் பாதி அலுவலகங்களின் ஜெராக்ஸ் இயந்திரங்கள் அவன் கை பட்டவை. கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் அது முறிந்துபோக, அக்கா வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவன். ஆறு நாளைக்கு முன்பு, புது மாடல் பயிற்சிக்காகக் கம்பெனி அவனை வேறொரு ஊருக்கு அனுப்பியிருந்தது. அங்கேதான் அவளைப் பார்த்தான். உதிரிபாகப் பிரிவில் போன் எடுப்பவள். மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அவள் பெயர் ‘பார்ட்ஸ்’. ஏழு வருஷமாக அவனுக்கு அவள் குரல் மட்டும்தான் தெரியும். “எந்த மாடல்? பார்ட் நம்பர் சொல்லுங்க,” அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. நேரில் பார்த்ததும், குரலில் இல்லாத சிரிப்பு ஆளிடம் உண்டு என்று தெரிந்தது. பேச்சு வளர்ந்தது, சாயங்காலம் வளர்ந்தது, அவள் தங்கியிருந்த அறைக்கதவு சாத்தப்பட்டது. ஆணுறை வேண்டும் என்று இருவருக்கும் தோன்றாமல் இல்லை. எழுந்து போய்க் கடை தேட இருவருக்கும் மனம் வரவில்லை. “ஒரு தடவைதானே,” என்று யார் சொன்னார்கள் என்பதுகூட இப்போது அவனுக்கு நினைவில்லை.

கழிப்பறையை விட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. மாமா. அக்காவின் கணவர்.

“மாப்ளே, டாக்டர் நாள் குறிச்சுட்டாரு. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். உங்கக்காவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம், ரெண்டு பாட்டில் கையில இருந்தாத்தான் கத்தியைத் தொடுவேங்கிறாரு. ஒண்ணு அவங்ககிட்டயே இருக்கு. இன்னொண்ணுக்கு நீ இருக்கேன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு, சரியா?”

அவனுக்கும் அக்காவுக்கும் ஒரே வகை ரத்தம். ஓ நெகட்டிவ். கூப்பிட்ட குரலுக்குக் கிடைக்கிற ரத்தம் இல்லை அது. வருஷத்துக்கு இரண்டு முறை அவன் கொடுத்து வந்தவன்தான்.

“சரி மாமா,” என்றான். வேறு என்ன சொல்வது?

உருளையை மாட்டி முடித்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி போனில் தேடினான். பத்து வரி படிப்பதற்குள் மூன்று முறை செத்துப் பிழைத்தான். ஒரு பக்கம் ஊசி போட்டால் தீர்ந்துவிடும் என்றது. இன்னொரு பக்கம், பெயரை நினைக்கவே கை நடுங்கும் நோய்களைச் சொன்னது. நாக்கு, உள்ளங்கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டான். எல்லா இடத்திலும் ஏதோ இருப்பது போலவும், ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது.

வீட்டில் அக்கா சோபாவில் சாய்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. மாசக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டே இருந்ததைப் பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள்.

“உன் ரத்தம் ஏறினா எனக்கும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வருமாடா?” என்றாள்.

அவன் சிரிக்க முயன்றான். வாய் ஒத்துழைக்கவில்லை.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“வெயில்ல சுத்தினேன்க்கா.”

மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்து யோசித்தான். காய்ச்சல் என்று சொல்லலாம், மாமா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடிப்பவர். ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னால், அக்காவை விட அப்படி என்ன வேலை என்று கேட்பார்கள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. கொடுத்துவிடலாம். எப்படியும் எல்லா ரத்தத்தையும் சோதிக்கத்தானே செய்கிறார்கள்? கெட்டது என்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. இந்த யோசனை வந்ததும் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது. இறங்கியதே தவிர, தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ரத்த வங்கியில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மஞ்சள் காமாலை உண்டா, பல் பிடுங்கினீர்களா, பச்சை குத்தினீர்களா. பேனா தடையில்லாமல் ஓடியது. பதினோராவது கேள்வியில் நின்றது. கடந்த சில மாதங்களில் புதிய நபருடன் பாதுகாப்பற்ற உடலுறவு உண்டா? ஆம். இல்லை.

மாமா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன மாப்ளே, பரீட்சையா எழுதுற? எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டு வா. மணி ஆகுது.”

‘இல்லை’யில் கோடு போட்டான்.

உள்ளே சாய்வுப் படுக்கையில் படுக்க வைத்தார்கள். நடுத்தர வயது நர்ஸ் ஒருத்தி மேற்கையில் பட்டையை இறுக்கினாள். ரப்பர் பந்தைக் கொடுத்து, அழுத்தி அழுத்தி விடச் சொன்னாள். முழங்கை மடிப்பில் பச்சை நரம்பு புடைத்து எழுந்தது. பஞ்சால் துடைத்த இடம் சில்லென்றிருந்தது.

“யாருக்குக் கொடுக்குறீங்க?”

“அக்காவுக்கு.”

“கொடுத்து வச்சவங்க.”

அவள் ஊசியின் மூடியைக் கழற்றினாள். அவன் வாயிலிருந்து கேள்வி தானாக விழுந்தது.

“சிஸ்டர், இதையெல்லாம் டெஸ்ட் பண்ணுவீங்கல்ல? எது இருந்தாலும் தெரிஞ்சிடுமில்ல?”

ஊசி நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்து விட்டாள்.

“இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேக்க மாட்டாங்க தம்பி. எத்தனை நாள் ஆச்சு?”

அவன் கூரையைப் பார்த்தான். மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் அழுக்காக இருந்தது.

“இன்னையோட ஏழு நாள்.”

“உடம்புல ஏதாச்சும் தெரியுதா?”

“எரியுது. சீழ் மாதிரி வருது.”

அவள் பட்டையை அவிழ்த்தாள். “டெஸ்ட் பண்ணுவோம். ஆனா சில கிருமி உள்ள வந்த புதுசுல டெஸ்ட்டுக்கே தெரியாது. ரிப்போர்ட் நல்லாருக்குன்னு வரும், ரத்தம் உங்க அக்கா உடம்புல ஏறும். புரியுதா நான் சொல்றது?”

புரிந்தது. இன்னும் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் என்ற நினைப்பு, படுத்திருந்தவனை உட்கார வைத்தது.

“வெளியில மாமா நிக்கிறாரு.”

“இன்னைக்கு எடுக்க முடியாதுன்னு மட்டும்தான் நான் சொல்லுவேன். காரணம் உங்களோடது. நீங்க நேரா ரெண்டாவது மாடிக்குப் போய் டாக்டரைப் பாருங்க.”

நடைபாதையில் மாமா குதிக்காத குறைதான். “எடுக்க முடியாதுங்கிறாங்க, என்னடா ஆச்சு உனக்கு? நேத்து வரைக்கும் எருமை மாதிரி இருந்தே. ஊசிக்குப் பயந்துட்டியா?”

வருஷத்துக்கு இரண்டு முறை ஊசிக்குக் கை நீட்டியவன், “ஆமா மாமா, தலை சுத்திடுச்சு,” என்றான்.

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வை. “அவ அங்க வெளிறிப் போய்க் கிடக்கிறா. உனக்குத் தலை சுத்துதா? நல்லா இருடா,” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

அவன் டாக்டரிடம் முதலில் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து போனை எடுத்தான். அதில் இருநூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களின் எண்கள் இருந்தன. வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூடத்து அலுவலர், கட்டட வரைபடம் போடுபவர், அச்சகத்துக்காரர் என்று வரிசையாகக் கூப்பிட்டான். “உங்களுக்கு ஓ நெகட்டிவா? உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும்?” சிலர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். சிலர் அவன் குரலைக் கேட்டதும் தங்கள் இயந்திரத்தின் கோளாறைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்பத்தோராவது அழைப்பு, கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி நடத்தும் அம்மாவுக்கு. அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்பவள்.

“என் மெஷின் மூணு வாரமா வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. வந்து பாக்க உனக்கு நேரமில்லை. இப்ப ரத்தம் வேற கேக்குறியா?”

“மேடம், அக்காவுக்கு…”

“எத்தனை மணிக்கு வரணும்னு சொல்லு.”

ஒரு மணிக்குள் வந்து படுத்துக் கொடுத்துவிட்டு, பழச்சாறு தண்ணியாக இருக்கிறது என்று நர்ஸைத் திட்டிவிட்டுப் போனாள். அவள் பதினோராவது கேள்விக்கு ‘இல்லை’ போட்டதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். அப்படி ஒரு கோட்டை நிம்மதியாகப் போட முடிவதே பெரிய பாக்கியம் என்று தோன்றியது.

அதன் பிறகுதான் இரண்டாவது மாடி. அவன் ஆண் டாக்டரை எதிர்பார்த்தான். உள்ளே இருந்தவள் அவன் வயதுக்காரி. நாணிக் கோணி அவன் சொன்னதை, இருமலைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள். சோதித்துப் பார்த்தாள், மாதிரி எடுத்தாள்.

“பாத்தா கொனோரியா மாதிரி இருக்கு. ஊசி ஒண்ணு, மாத்திரை ஒரு வாரம். இது சரியாயிடும். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இன்னைக்கே ரத்தம் எடுக்குறேன். ஆனா இப்ப வர்ற பதில் முடிவான பதில் இல்லை. ஆறு வாரத்துல ஒரு தடவை, மூணு மாசத்துல ஒரு தடவை வரணும். அதுவரைக்கும் யாரோடவும் சேரக் கூடாது.”

“எச்.ஐ.வி. இருக்குமா டாக்டர்?”

“இருக்கிறதுக்கு வாய்ப்பு கம்மி. இல்லவே இல்லைன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. மூணு நாளைக்குள்ள வந்திருந்தா தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கலாம்.”

“அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.”

“முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. சரி, அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“யார்கிட்ட?”

“இது காத்துல வர்ற நோயில்லைங்க. பொம்பளைங்களுக்குப் பல சமயம் வெளியில ஒண்ணுமே தெரியாது. உள்ள இருந்துக்கிட்டே கெடுக்கும். சொல்லிடுங்க.”

‘பார்ட்ஸ்’ பெண்ணின் சொந்த எண் அவனிடம் இல்லை. உதிரிபாகப் பிரிவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

“எந்த மாடல்? பார்ட் நம்பர் சொல்லுங்க.”

“நான்தான்.”

“சொல்லுங்க,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

சொன்னான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இடம் மாறி விழுந்தன.

“என்கிட்ட இருந்து உங்களுக்கு வந்துச்சா, உங்ககிட்ட இருந்து எனக்கா?”

“தெரியலைங்க. சண்டை போடக் கூப்பிடலை.”

“எனக்கும் தெரியலை.” பெருமூச்சு கேட்டது. “சொல்லாம விட்டிருக்கலாம் நீங்க. நிறையப் பேர் விட்டுடுவாங்க. நாளைக்கே போய்ப் பாக்குறேன்.” பிறகு சட்டென்று பழைய குரலில், “அந்தப் பார்ட் ஸ்டாக் இல்லை சார்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். பக்கத்தில் யாரோ வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு பாட்டிலும் தேவைப்பட்டன. மாமா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

“கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். ஊசிக்குப் பயப்படுறவன் இல்லை நீ. தினமும் மாத்திரை முழுங்குற. பாத்ரூம் போனா முக்கால் மணி நேரம். உண்மையைச் சொல்லு.”

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். படிவத்தில் போட்ட கோட்டையும் சேர்த்துச் சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவளோடயோ போனதுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் வயசு, உன் உடம்பு,” என்றாள் கடைசியில். “ஆனா எனக்குன்னு தெரிஞ்சும் அந்தக் கோட்டைப் போட்டிருக்கே பாரு.”

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். டம்ளரை வாயருகே பிடித்தபோது, அவளே அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

எரிச்சல் நான்காம் நாளே போய்விட்டது. பயம் போகவில்லை. ஆறு வாரமும் ஒவ்வொரு தும்மலுக்கும் அவனுக்குக் குலை நடுங்கியது. முகம் மழிக்கும்போது தெரிந்த ஒரு பருவை நாலு நாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மகளோடு விளையாடும்போதுகூடக் கையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். தொட்டால், விளையாடினால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மனசு கேட்டால்தானே? நடுவில் ஒரு நாள் ‘பார்ட்ஸ்’ கூப்பிட்டாள். அவளுக்கும் அதேதான் இருந்ததாம், ஊசி போட்டாயிற்றாம். வேறெதுவும் பேசவில்லை.

ஆறாவது வாரத்து முடிவை டாக்டர் மேசைமேல் திருப்பி வைத்துக் காட்டினாள். இரண்டுமே நெகட்டிவ். “கிட்டத்தட்ட பயமில்லை. மூணாவது மாசத்தோட கணக்கை மூடிடலாம்,” என்றாள். வெளியே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். அரை மணி நேரம் அங்கேயே இருந்தான்.

அக்காவை மறுபரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்த மாமா, அதே நடைபாதையில் எதிரே வந்தார். எந்த அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கதவுப் பலகையில் படித்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு என்னதான்டா ஆச்சு?”

இந்த முறை அவன் தலைசுற்றலைச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னான். மாமாவின் தாடை இறுகியது.

“என் பொண்டாட்டி உடம்புல ஏற வேண்டிய ரத்தம்டா அது.”

“ஆமா மாமா.”

“பக்கத்துல நின்னுக்கிட்டு இல்லைன்னு போடச் சொன்னதும் நான்தான்.” அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்.”

“தெரியும்.”

“அடுத்த டெஸ்ட் எப்ப?”

“அடுத்த மாசம் இருபதாம் தேதி.”

மாமா சட்டைப் பையிலிருந்து வேலை நேரப் பட்டியலை எடுத்து விரித்து, விரலால் தேடினார். “இருபது எனக்கு ஓய்வு நாள். வர்றேன்.”

“வேண்டாம் மாமா, நான் பாத்துக்கிறேன்.”

“வர்றேன்னேன்ல,” என்றார் அவர், கோபம் இன்னும் ஆறாத குரலில்.