விமலகுமாரி வீட்டு அடுக்களை காணல்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்த சூட்டோடு பெண் வீட்டார் ஒரு நாள் கூட்டமாக வந்து மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்ப்பார்கள். அடுக்களை காணல் என்று அதற்குப் பெயர். வெறுங்கையோடு வரமாட்டார்கள். பாத்திரம், மிக்ஸி, அலமாரி என்று ஒரு டெம்போ பின்னால் வரும். அதிலிருந்து என்னென்ன இறங்குகிறது என்று துணி காயப்போடும் சாக்கில் மதிலோரம் நின்று பார்ப்பது அக்கம்பக்கத்தாரின் கடமை. காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டவர்களும் உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டு விமலகுமாரியின் விஷயத்தில் மட்டும் இந்தச் சடங்குக்கு ஒரு வில்லங்கம் சேர்ந்துகொண்டது. மகன் சஜனுக்கும் மருமகள் ஜிஷாவுக்கும் வேலை திருவனந்தபுரத்தில். பாறசாலையில் ரயிலேறினால் நெய்யாற்றின்கரையில் ஏறுகிற கூட்டம் நெஞ்செலும்பை எண்ணிப் பார்த்துவிடும். ஜிஷாவின் அப்பா பொன்னுதாஸ், காட்டாக்கடையில் டைல்ஸ் கடைக்காரர், கழக்கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே விமலகுமாரியிடம் சொன்னார்:

"சம்பந்தி, சாமானோட வாறோம். ஒங்க அடுக்களையைப் பாப்போம். அங்க இறக்கினா பிள்ளைங்க அங்க இருக்கட்டும். இல்லேண்ணா வண்டி நேரே ஃப்ளாட்டுக்குப் போவும்."

விமலகுமாரிக்கு ஒரே மகன். அவன் போனால் வீட்டில் மிச்சம் அவள் வீட்டுக்காரர் ஜெயதாஸ். மீன்காரன் வந்தால் ஒரு வார்த்தை, கறியில் குறையிருந்தால் ஒரு வார்த்தை, அன்றைய பேச்சு அதோடு தீர்ந்தது. அப்படிப்பட்ட மனிதரோடு தனியாகக் கிடக்கவேண்டிய நாட்களை நினைத்து அவளுக்கு உறக்கம் போய்விட்டது. இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் என் கிணறு, அந்தப் பக்கம் அவள் படுக்கையறை. அவளோ சத்தமாகப் பிரார்த்தனை செய்கிறவள். கர்த்தருக்குக் கேட்டதெல்லாம் எனக்கும் கேட்டது.

கர்த்தர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது, அவள் சஜனுக்குப் போன் செய்தாள். பிள்ளைகள் அப்போது காட்டாக்கடையில் விருந்து உண்டுகொண்டிருந்தார்கள்.

"மக்கா, ஜிஷாவுக்கு எது மாதிரி அடுக்களைச் சாமான் பிடிக்கும்? ஒரு படம் அனுப்பு."

ஜிஷா லைக் போட்டு வைத்திருந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தை சஜன் அப்படியே அனுப்பினான். அம்மா கேட்டாலும் அனுப்புவான், மாமனார் கேட்டாலும் அனுப்புவான். யார் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் அனுப்பிவைக்கிற நல்ல பையன்.

பிறகு தினமும் கூரியர் வண்டி. குன்னத்துகால் ரோட்டிலிருந்து எங்கள் வழிக்குத் திரும்புகிற வளைவில் அது ஹாரன் அடித்தாலே விமலகுமாரி முற்றத்தில் நிற்பாள். பிரித்துப் பார்க்க என்னையும் கூப்பிடுவாள். அவளுக்குச் சாட்சி வேண்டும், எனக்கும் வேறு வேலை கிடையாது.

முதலில் வந்தது மூன்று நீளக் கால்களோடு பளபளவென்று ஒரு சிலந்தி.

"இது எதுக்காக்கும்?" என்றேன்.

"நாரங்கா பிழிய."

"சாறு எங்க விழும்?"

"கீழ ஒரு கிண்ணம் வைக்கணும்."

"அப்ப காலு?"

"லேகா, அதாக்கும் டிசைன். ஒனக்கு அது புரியாது."

சரிதான், எனக்குப் புரியவில்லை. அடுத்து கொக்குக் கழுத்தோடு ஒரு கறுப்புக் கெட்டில். அதன் மூக்கிலிருந்து வெள்ளம் நூல் பிடித்த மாதிரி விழுகிறது. ஜெயதாஸ் அதை எடுத்துப்போய் குரோட்டன் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். கீரையைப் போட்டுச் சுற்றினால் ஈரம் போகிற ஒரு கூடை வந்தது. ஏதோ ஒரு பழத்தைத் துண்டு போட ஒன்று, அதன் கொட்டையைப் பிடுங்க வேறொன்று. அந்தப் பழம் எங்கள் சந்தைக்கு இன்னும் வரவில்லை. பிடியிலிருந்து முனைவரை கறுப்பாக இருந்த கத்திகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு சுவரில் வரிசையாக நின்றன. அதைப் பார்த்த ஜெயதாஸ், "ஆபரேஷன் தியேட்டர்" என்றார். அன்றைக்கு அதோடு வாயை மூடினார்.

இத்தனைக்கும் மேலே கண்ணாடித் தம்ளர்கள். உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே ஒரு கண்ணாடி, நடுவில் காற்று. சாயா ஊற்றினால் அந்தரத்தில் மிதக்கும். பார்வைக்கு ஒரு தம்ளர் நிறைய இருக்கும், வாய்க்குப் பாதிதான் வந்து சேரும்.

புதியது வந்தபின் பழையதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டீல் தம்ளர், அலுமினியக் கலம், தேங்காய் திருவும் சிரவை, உப்பு போட்டுவைக்கும் பரணி எல்லாவற்றையும் சபை அடுக்களைக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் செயலாளர் எழுந்து நன்றி சொன்னார். அவள் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தாளாம், எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே.

அடுக்களை காணல் அன்றைக்குச் சமையல் அவள் வீட்டில் நடக்கவில்லை. தாளித்தால் சுவரில் கறை படியும். அதனால் கோழியும் மீனும் என் வீட்டில் வெந்தன, என் சுவருக்குக் கறை பழக்கம் என்று. அவள் அடுக்களையில் சாயா மட்டும்தான், அதுவும் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து.

காரும் வேனுமாக வந்தார்கள், பின்னால் தார்ப்பாய் மூடிய டெம்போ. பொன்னுதாஸ் முன்னறையில் அமர்ந்தார். அவர் அக்கா கமலாபாய் அமரவில்லை. வந்த வேலை அவளுக்குத் தெரியும். ஜிஷா அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

விமலகுமாரி சாயாவைக் கொதிக்கக் கொதிக்க அந்தக் கண்ணாடித் தம்ளர்களில் கொண்டுவந்தாள். எங்கள் ஊர் ஆளுக்குச் சாயாவின் சூடு விரலில்தான் தெரியும். ஸ்டீல் தம்ளரைத் தொட்டதுமே எவ்வளவு ஊதவேண்டும் என்று கை சொல்லிவிடும். இந்தத் தம்ளரின் வெளிப்பக்கம் சில்லென்று இருந்தது. ஆறின சாயாவைத் தருகிறார்களே என்று பொன்னுதாஸ் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். இருந்தாலும் மரியாதைக்காரர், மிச்சம் வைக்காமல் ஒரே வாயில் ஊற்றிக்கொண்டார்.

துப்ப முடியாது, சம்பந்தி வீடு. விழுங்கினார். கண்ணிலிருந்து வெள்ளம் சாடியது.

"மவளைப் பிரிஞ்ச சங்கடம்," என்றாள் விமலகுமாரி உருகி.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் கமலாபாய் அடுக்களைக்குள் போய்விட்டாள். இழுப்பறைகளை இழுத்தாள், மூடிகளைத் திறந்தாள், கத்தியை விரல்நுனியால் தொட்டாள். "கொள்ளாம். டிவியில வாற மாதிரி உண்டு," என்றாள். விமலகுமாரி பூரித்துப்போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். கழக்கூட்டத்து ஃப்ளாட் அந்த நிமிஷத்தில் அவள் மனதில் இடிந்து விழுந்திருக்கும்.

டெம்போவின் தார்ப்பாயை விலக்கினார்கள். முதல் பெட்டியைக் கமலாபாயே உடைத்தாள். உள்ளே கொக்குக் கழுத்துக் கெட்டில், கறுப்பு. அதைக் கொண்டுபோய் மேடையில் இருந்த கெட்டிலின் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே திசையில் கழுத்தை வளைத்து நின்றன. இரண்டாவது பெட்டியில் கத்திகள். அடுத்ததில் அதே இரட்டைக் கண்ணாடித் தம்ளர்கள். சிலந்திகூட வந்திருந்தது, அதே மூன்று காலோடு.

"சஜன், நீ அனுப்பின படத்தப் பாத்துதானே ஜிஷா அப்பன் வாங்கினாரு?" என்றாள் கமலாபாய்.

சஜன் முற்றத்துப் பலாமரத்தில் எத்தனை காய் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுதாஸ் வெந்த நாக்கோடு எழுந்து வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். வியாபாரி, கணக்கில் கெட்டி. "சம்பந்தி, நல்ல அடுக்களை," என்றார் குழறலாக. "இஞ்ச ஒரு குறையும் இல்ல. ஒரே சாமான் ரெண்டெண்ணம் எதுக்கு? ஃப்ளாட்டுல ஒரு கரண்டிகூட இல்ல. எலே, தார்ப்பாயை மூடு. வண்டி கழக்கூட்டத்துக்குப் போவட்டும். பிள்ளைங்க நாளைக்கே அங்க போனாப் போதும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அடுக்களை காணலுக்கு வருகிறவர்கள் இல்லாததைப் பார்த்து இட்டு நிரப்பத்தான் வருகிறார்கள். இவளோ பரீட்சைக்குப் போகிற மாதிரி எல்லாவற்றையும் நிரப்பிவைத்துவிட்டாள்.

டிரைவர் தார்ப்பாயின் கயிற்றை இழுத்தான். விமலகுமாரி சஜனைப் பார்த்தாள். அவன் கண் இன்னும் பலாமரத்தில். பிறகு சுவரில் நின்ற கத்திகளைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள்.

"அது எனக்குள்ளது இல்ல," என்றாள்.

"எது?" என்றாள் கமலாபாய்.

"இந்த அடுக்களையில கிடக்கிற ஒண்ணும் எனக்குள்ளது இல்ல. லேகாவுக்கு உள்ளதாக்கும். நீங்க வாறியண்ணு இரவல் வாங்கி வச்சேன்."

மதிலுக்கு மேலே காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் தலைகள் நிமிர்ந்தன. முழு ஊரும் இதைக் கேட்டது. ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டாலும் கலெக்டர் உத்தரவு மாதிரிக் கேட்கிறவள், இரவல் என்று வாயால் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவள் முகத்தில் நான் கண்டதே இல்லை. வேறு என்ன செய்ய?

"ஆமா," என்றேன். "மவன் ரதீஷ் வாங்கித் தந்தது."

கமலாபாய் என் பக்கம் திரும்பினாள். என் நைட்டியில் மீன்கறி தெறித்திருந்தது. "மவனுக்கு கல்ஃபுல ஜோலியா?"

"பாறசாலை ஸ்டேஷன் முன்னாடி. ஆட்டோ."

"ஆட்டோக்காரன் வீட்லயா இந்தக் கெட்டில்?"

"அவனுக்கு வெள்ளம் நேரா விழணும். கோணலா விழுந்தா குடிக்கமாட்டான்."

அவள் நம்பினாளோ இல்லையோ, விமலகுமாரியைப் பிடித்தாள். "அப்பம் நீங்க இதுவரை எதுல குடிச்சிய?"

"எனக்குள்ளது எல்லாத்தையும் சபைக்குக் கொடுத்தாச்சு. வேணும்ணா செயலாளர்ட்ட கேளுங்க. இந்த வீட்ல ஒரு கலம் இல்ல. ஒரு கரண்டி இல்ல. நாங்க ரெண்டுபேரும் லேகா வீட்ல போயாக்கும் சாயா குடிக்குது."

எல்லோரும் ஜெயதாஸைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் யோசித்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், மறுபடி யோசித்தார்.

"ஆமா," என்றார்.

அவ்வளவு போதும். ஒரு கரண்டிகூட இல்லாத வீட்டில் மகளைக் கொடுத்துவிட்டோமே என்ற சங்கடமும், அந்த வீட்டை நிரப்பப் போகிறவன் நான்தான் என்ற பெருமையும் பொன்னுதாஸ் முகத்தில் சேர்ந்தே வந்தன. "இத மொதல்லயே பறஞ்சிருக்கலாமே சம்பந்தி," என்றார். "எலே, கயிற அவுத்து விடு. எல்லாத்தையும் இறக்கு. ஃப்ளாட்டுக்காரன்ட்ட வேண்டாம்ணு நான் சொல்லிக்கிடுதேன்."

வருகிற சாமானுக்கு இடம் வேண்டுமே. அதனால் என் சாமானை நான் உடனே அப்புறப்படுத்தவேண்டி வந்தது. அவள் தேடித்தேடி வாங்கின ஒவ்வொன்றும் அவள் கண்முன்னாலேயே மதிலைத் தாண்டி என் கரிபிடித்த அடுக்களைக்குப் போனது. அதற்குப் பதில் அதே மாதிரி வேறொன்று டெம்போவிலிருந்து இறங்கி அதே இடத்தில் உட்கார்ந்தது. பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

ஜிஷா எனக்கு உதவிக்கு வந்தாள். கத்திகளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். என் அடுக்களைக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மாமி ஒவ்வொண்ணா ஆர்டர் செய்யும்போது ஓ.டி.பி. சஜன் போனுக்குத்தான் வந்தது. அவரு உறங்கிட்டுக் கிடப்பாரு. டைப் செய்து அனுப்பினது நானாக்கும்."

நான் கையிலிருந்த தம்ளரை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தேன். "பின்னே எல்லாம் தெரிஞ்சும் நீ எதுக்கு மிண்டாம நின்னே?"

"மாமி என்ன செய்வாவண்ணு பாக்கணும்ணு தோணிச்சு."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு," என்றாள். கத்திகளைப் பிரித்து என் அம்மிக்கல் மேல் அடுக்கினாள். "ஃப்ளாட்டுக்குப் போனா சமையல் செய்யப்போறது நான்தானே அக்கா. இஞ்சண்ணா மாமிட்ட எது கேட்டாலும் கிடைக்கும்."

பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

வேனில் ஏறும்போது கமலாபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு விலைபிடிச்ச சாமானை நம்பி இரவல் கொடுக்க ஒரு மனசு வேணும். இனி இந்தப் பக்கம் வந்தா ஒங்க வீட்ல வந்துதான் சாயா குடிப்பேன்," என்றாள். இனி அந்தச் சாமான் என் வீட்டை விட்டு எங்கும் நகர வழியில்லை. விமலகுமாரி பக்கத்தில்தான் நின்றாள். அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

டெம்போவில் கடைசியாக ஒரு அலமாரி இருந்தது. சஜன் முன்னால் பிடிக்க, டிரைவர் பின்னால் பிடிக்க, அது உள்ளே போனது. "மெதுவா மக்கா, படி உண்டு," என்று சொல்லிக்கொண்டே அவள் அவன் பின்னால் போனாள். மதிலில் இருந்த தலைகளையோ என் வாசலில் குவிந்துகிடந்த அட்டைப்பெட்டிகளையோ திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரியைச் சுவரோடு நகர்த்துகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் அவள் குரல் வந்தது.

"காலத்த எத்தன மணிக்கு மக்கா ரயிலு? நான் எழுப்புதேன்."